விருந்தாளிகளுக்காகக் கழுவிய குளம்

எங்கள் கடையில் காப்பிக்கொட்டை அரைபடும் நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கொல்கத்தா லேக் மார்க்கெட்டுக்கு வந்து நிற்கிறவர்கள் பொடி கைக்கு வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டார்கள். மழை, மாப்பிள்ளை, மெட்ரோ, முழங்கால் வலி என்று எதையாவது எடுத்துப் போடுவார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு வந்ததுதான் என் வங்காளம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு இலக்கணம் எங்கே தெரியும்? ஆனால் யார், எதை, எந்த நேரத்தில், எந்த முகத்தோடு சொல்வார்கள் என்பது தெரியும். எதிர் வரிசைப் பூக்காரரைக் கூப்பிட்டால் "எய் எலாம் போலே" என்பார். இதோ வந்தே விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவர் அப்படிச் சொன்னால் சாப்பிட உட்கார்ந்துவிட்டார் என்று நான் புரிந்துகொள்வேன். இந்த மாதிரிப் பேச்சுகளை, மற்றவர்கள் பட்டுப்புடவை சேர்க்கிற மாதிரி, நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்த வங்காளத்தை நம்பித்தான் ஒரு சர்க்கார் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் வங்காளிதான். சென்னையில் சில காலம் வேலை பார்த்து ஃபில்டர் காப்பி பழகித் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த இன்னொரு பழக்கம், என்னை "மாமி" என்று கூப்பிடுவது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஈரநிலங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் இருந்தார்.

"மாமி, ஸ்ரீலங்காவிலிருந்து மீனவப் பெண்கள் வர்றாங்க. அவங்களுக்குத் தமிழ் மட்டும்தான். எங்க குளத்து ஆட்களுக்கு வங்காளம் மட்டும்தான். நடுவுல ஒரு ஆள் வேணும்."

"படிச்ச பேர் யாரும் கிடைக்கலையா உங்களுக்கு?"

"கிடைச்சார். ஒரு தடவை வந்து இடத்தைப் பார்த்தார். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போனவர் போனவர்தான்."

"நான் மீனே தொடமாட்டேனே!"

"தொட வேண்டாம். பேசினால் போதும்."

பேசினால் போதும் என்று என்னிடம் ஒருவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கொட்டை அரைத்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பி, "சார், நிறுத்தறதுக்கும் ஓர் ஆள் பார்த்து வெச்சுக்குங்கோ" என்றார்.

கொல்கத்தாவில் இருந்துகொண்டே அந்தக் குளங்களைப் பார்க்காதவர்கள் ஏராளம். நானும் அதுவரை விமான நிலையத்துக்குப் போகும்போது டாக்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஊரின் சாக்கடைத் தண்ணீர் கால்வாய் கால்வாயாகக் கிழக்கே ஓடி, ஏரி போலப் பரந்த குளங்களில் போய் நிற்கிறது. அவற்றைப் பேரி என்பார்கள். வெயில் அந்தத் தண்ணீரைப் பக்குவம் செய்கிறது, பாசி விளைகிறது, பாசியைத் தின்று மீன் கொழுக்கிறது, மீன் மறுபடி ஊருக்கே வருகிறது. நான் காப்பி டபரா கழுவிக் கொட்டும் தண்ணீரும் அங்கேதான் போகிறதாம். இதைக் கேட்ட நாளிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. உலக நாடுகள் கூடிக் காப்பாற்றுவோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட ஈரநிலங்களின் வரிசையில் எங்கள் ஊர்ச் சாக்கடைக்கும் ஓர் இடம் இருக்கிறது. எந்த ஊர்க்காரர் இப்படிப் பெருமை அடித்துக்கொள்ள முடியும்?

ஏற்பாடு இதுதான். ஸ்ரீலங்காவில் மன்னார்ப் பக்கத்துக் களப்பு என்கிற கடற்கழி, பங்களாதேஷின் வெள்ள ஏரிகள், கம்போடியாவின் பெரிய ஏரி, இந்த மூன்று இடத்து மீனவர்களும் கொல்கத்தாவுக்கு வருவார்கள். இரண்டு குளங்களைப் பார்ப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் அவர்கள் ஆட்கள் அந்தக் குளத்தில் தங்கி வேலை கற்றுக்கொள்வார்கள். நம் ஆட்களும் அவர்கள் ஊர்களுக்குப் போய்க் கற்றுக்கொள்வார்கள். ஒரு குளம் தனிக்காரருடையது. மற்றொன்று மீனவர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் குளம்.

கூட்டுறவின் செயலாளர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். கிழவர்கள்கூட அவளைத் தீதி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வங்காளத்தில் அக்காவைத் தீதி என்பார்கள். ஆனால் அவள் விஷயத்தில் அது பதவிப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை இடத்தைப் பார்த்து வரப் போனேன். தீதி என்னைக் கரையோடு நடத்திக்கொண்டு போனாள். தண்ணீருக்கு அப்பால் நியூ டவுன் கட்டடங்கள் வானத்தை மறித்துக்கொண்டு நின்றன.

"பார்த்தீங்களா மாஷிமா? முன்னே அதெல்லாம் தூரத்துல நின்னுச்சு. இப்போ ராத்திரி ராத்திரி நடந்து வருது" என்றாள். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி.

"இங்கே கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு சார் சொன்னாரே?"

"சட்டம் அலமாரியில இருக்கு. லாரி ரோட்டுல இருக்கு. விடிஞ்சு பார்த்தா ஒரு மூலையில மண்ணு கொட்டிக் கிடக்கும். யாரு கொட்டினாங்கன்னு கேட்டா, காத்துல பறந்து வந்திருக்கும்கிறாங்க."

பிறகு நின்று, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாட்டு ஆளுங்க வந்து தங்கிக் கத்துக்கிற குளத்துல எவன் மண்ணு கொட்டுவான், சொல்லுங்க? அவங்க எங்களைத்தான் எடுக்கணும். இல்லேன்னா இந்தக் குளம் என் மகள் கல்யாணம் வரைக்கும்கூடத் தாங்காது."

அன்றைக்கு அந்தக் குளத்தில் நல்ல நாற்றம் அடித்தது. கரையோரம் முழுக்க ஆகாயத்தாமரை ஒரு பச்சைப் பாய் மாதிரி அடர்ந்து கிடந்தது. கால்வாய் மதகு வழியாகக் கறுப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினேன். தீதி பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கின கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

விருந்தாளிகள் வந்தது வைசாக மாதத்து, அதாவது நம் சித்திரை மாதத்து வெயிலில். நியூ டவுனில் ஒரு ஹோட்டலில் இறக்கி, குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டினார்கள். மன்னாரிலிருந்து வந்த பெண்களுக்குத் தலைவியாக ஒருத்தி. நல்ல உயரம், கறுப்பு, குரல் மட்டும் ஒரு படகு தூரத்துக்குக் கேட்கும். முதல் நாளே என்னிடம் ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்கட தமிழ் நல்ல வடிவா இருக்கு. ஆனா ஏன் இப்பிடி ஓடுறீங்கள்? ஆறுதலாக் கதையுங்கோ." மெதுவாகப் பேசு என்கிறாள்.

அவர்கள் ஊரில் பக்கத்து நகரத்துச் சாக்கடை களப்பில் விழுந்து களப்பைக் கெடுக்கிறது. எங்கள் ஊரில் சாக்கடையே சோறு போடுகிறது. அந்த வித்தையைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் கடல் தாண்டி வந்திருந்தாள்.

தனிக்காரர் குளத்தை முதலில் பார்த்தார்கள். மறுநாள் தீதியின் குளம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் அசந்துபோனேன். கரையில் மூங்கில் கம்பங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். படித்துறையில் அரிசிமாவு கரைத்து ஆல்பனா போட்டிருந்தார்கள். நம் ஊரில் மாக்கோலம் மாதிரி, ஆனால் கொடியும் மீனுமாக வளைந்து வளைந்து போகும். கரையோரத்து ஆகாயத்தாமரை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அள்ளி, தூரத்து மூலையில் குவித்துவிட்டார்கள். தண்ணீர் தெளிந்து பளபளத்தது. நாற்றம் என்பது பேருக்கும் இல்லை. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கழுவி மெழுகுகிற மாதிரி, குளத்தையே கழுவி மெழுகி வைத்திருந்தார்கள். மதகை அடைத்து வாரக்கணக்கு ஆயிற்றாம்.

தீதி சிவப்புக் கரை வெள்ளைப் புடவையில் நின்றாள். பெண்கள் சங்கு ஊதினார்கள். மன்னார்த் தலைவி சங்குக்கும் சந்தனத்துக்கும் தலையைக் குனிந்து கொடுத்தாள். பிறகு நேரே படித்துறையில் இறங்கி, குந்தி உட்கார்ந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது நல்ல தண்ணியெல்லோ?"

"ஆமாம்."

"நாங்கள் ஊத்தைத் தண்ணி பாக்கவெல்லோ வந்தனாங்கள்! அது எங்க? கரையில ஒரு செடி கிடக்கும், அலைக்குக் காவல் எண்டு படத்தில காட்டினவை. அதும் எங்க?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரி என் காதருகே வந்து, "குளம் அழகாக இருக்குன்னு சொல்றாங்கன்னு சொல்லிடுங்க மாமி. கொஞ்சம் மெத்துனு" என்றார்.

எங்கள் கடையில் ஒருவர் பொடியில் சிக்கரி கூடிப்போச்சு என்று சொன்னால், அதை என் கணவரிடம் போய், உங்களை ரொம்பப் புகழ்ந்தார் என்றா சொல்ல முடியும்? அடுத்த தடவையும் கூடித்தான் போகும். நான் தீதியைப் பார்த்து, கேட்டதைக் கேட்டபடி வங்காளத்தில் சொன்னேன்.

தீதியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது, உள்ளே ஆள் போய்விட்ட வீட்டு விளக்கு மாதிரி. பின்னாலிருந்து ஒரு கிழவர்தான் வாய் திறந்தார்.

"பிறந்ததிலிருந்து நாத்தம் நாத்தம்னு ஊரே திட்டுச்சு. இன்னிக்கு ஒரு நாள் நாத்தம் இல்லே. அதுக்கும் திட்டா?"

இதையும் சொன்னேன். மன்னார்ப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கம்போடியாவிலிருந்து வந்த பெரியவர் சிரிக்கவில்லை. வந்தவர்களில் மூத்தவர் அவர்தான். அவருடைய மொழிபெயர்ப்பாளர் மூலம் மிகப் பணிவாகச் சொன்னார்: குளம் அழகு, ஆனால் பார்க்க வந்தது இங்கே இல்லை, நேற்றுப் பார்த்த குளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பணிவு ஒரு கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது.

தீதி மதகைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். ஆனால் ஊர்ப்பக்கத்துப் பம்பு ஓடி, கால்வாய் நிரம்பி, தண்ணீர் இங்கே வந்து சேரச் சாயங்காலம் ஆகும். விருந்தாளிகளோ சாப்பாடு முடிந்ததும் கிளம்புவதாக இருந்தது. சமையல் கொட்டகைக்குப் பின்னால் தீதியைக் கண்டேன். அழவில்லை. ஒரு மூங்கில் தட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாங்களே துடைச்சு எடுத்துட்டோம், மாஷிமா. காட்ட வேண்டியதை நாங்களே துடைச்சு எடுத்துட்டோம்."

பிய்ந்து விழுந்த மூங்கில் பட்டைகளை நான் குனிந்து பொறுக்கினேன்.

சாப்பாட்டுக்கு அவர்களுக்கு ரோகு மீன் ஜோல் என்கிற குழம்பு, எனக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை சாதம். பரிமாறின பெண் ஒருத்தி, "மாஷிமா மீனுக்காக வாதாடுவாங்களாம், மீன் எதிரே வந்தா முகத்தைத் திருப்பிக்குவாங்களாம்!" என்று வம்புக்கு இழுத்தாள். "வக்கீல் கட்சிக்காரரைச் சாப்பிடலாமோ?" என்றேன். அந்த மத்தியானத்தில் அங்கே கேட்ட ஒரே சிரிப்பு அது.

அப்போதுதான் வெளிச்சம் போயிற்று. வடமேற்கே வானம் கருநீலமாகிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கால்பொய்ஷாகி. சித்திரை வைகாசியில் எங்கள் ஊரில் திடீரென்று வந்து அடித்துவிட்டுப் போகும் புயல்காற்று. ஊருக்குள் இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, அப்பாடா என்று குளிர்ச்சியை அனுபவிப்போம். எதிர்க்கரை தெரியாத குளத்தின் ஓரத்தில் அது வேறு மாதிரி.

முதலில் காற்றுக்கு முன்னால் புழுதி வந்தது. அப்புறம் தண்ணீர் எழுந்தது. குளத்தில் அத்தனை உயரத்துக்கு அலை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆகாயத்தாமரை இருந்தால் அலை அதில் மோதிச் சோர்ந்துபோகும். இன்றைக்குக் கரை வழித்துவிட்ட தலை மாதிரி இருந்தது. ஒவ்வொரு அலையும் மண்ணைக் கடித்துக்கொண்டு போயிற்று. ஆல்பனா போட்ட படியின் பக்கத்தில் ஒரு பெரிய கட்டி சரிந்து விழுந்தது. அந்தப் பக்கம் கால்வாய். கரை உடைந்தால் மீன் முழுவதும் கால்வாயோடு போய்விடும். மீன் இல்லாத குளத்தை மூடுவதற்கு லாரிக்காரனுக்கு இன்னும் வசதி.

தீதி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். "பானா! பானாவைத் தள்ளிட்டு வாங்கடா!" ஆகாயத்தாமரையைத்தான் பானா என்பார்கள். ஆண்கள் படகுகளில் மூலைக்குப் போய், அந்தப் பச்சைக் குவியலை மூங்கிலால் நெட்டிக்கொண்டு வந்தார்கள். விருந்தாளிகளைப் பஸ்ஸில் ஏறச் சொல்லி அதிகாரி கூவினார். மன்னார்த் தலைவி அவரைத் தாண்டித் தண்ணீருக்குள் குதித்தாள். அவள் பின்னாலேயே மற்ற மன்னார்ப் பெண்கள். பங்களாதேஷ்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளத்தின் நடுவே வீடு கட்டி, புல்லும் மூங்கிலும் வைத்து அலையிலிருந்து காப்பாற்றுகிறவர்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கிலைத் தூக்கிவிட்டார்கள்.

நடந்ததை யாராவது படம் பிடித்திருந்தால், மொழி தேவைப்படவே இல்லை, எல்லோரும் ஒன்றாகி வேலை செய்தார்கள் என்று அழகாகச் சொல்லிவிடலாம். நடந்தது அப்படி இல்லை. நடந்தது சண்டை.

"அக்கா! முதல்ல தடி ஊண்டச் சொல்லுங்கோ! தடி இல்லாமல் செடி நிக்காது!" மன்னார்த் தலைவி மார்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள். கண்டல் செடிகள் வேரூன்றிக் கரையைப் பிடித்திருக்கும் ஊர்க்காரி. எதுவும் ஊன்றி நின்றால்தான் அவளுக்கு நம்பிக்கை.

நான் கரையில் நின்று வங்காளத்தில் கத்தினேன்.

"மாதா கராப்!" என்று கத்தினாள் தீதி. தலை கெட்டுப்போச்சா என்று அர்த்தம். "கம்பு நடுற வரைக்கும் அலை காத்துக்கிட்டு நிக்குமா? இது என் கரைன்னு சொல்லுங்க அவங்ககிட்ட!"

"இது அவா கரையாம்! உங்களுக்குத் தலை கெட்டுப்போச்சாம்!"

"ஓம், கரை அவவின்டதான்! காத்தும் அவவின்டயோ எண்டு கேளுங்கோ!"

கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். மழை வாய்க்குள் போயிற்று. அதிகாரி நனைந்த கோப்பைத் தலைக்கு மேல் பிடித்தபடி, "மாமி, மெத்துனு, மெத்துனு!" என்று எனக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்தார். மெத்தென்று சொல்ல நேரம் எங்கே இருந்தது?

தள்ளிக் கொண்டுவந்த பானாவின் முதல் பாய் அலையில் கிழிந்து, தீதியின் கண்ணெதிரே சிதறிப் போனது. அவள் கையிலிருந்த மூங்கிலை மன்னார்த் தலைவியை நோக்கி நீட்டினாள். அவளும் வாங்கிக்கொண்டாள், ஆனால் நேராக ஊன்றப் போனவளைத் தீதி தடுத்தாள். "சாய்ச்சு! உள்ளே சேறு இளகலா இருக்கு, நேரா ஊணினா பிடுங்கிக்கும். சாய்ச்சு ஊணச் சொல்லுங்க!" சொன்னேன். சாய்த்து ஊன்றினார்கள். மூங்கிலுக்கும் கரைக்கும் நடுவே பானாவை அடைத்தார்கள். கம்போடியப் பெரியவர் சட்டையைக் கழற்றிக் கரையில் மடித்து வைத்துவிட்டு, அந்த வரிசையின் கடைசியில் போய் நின்று, முதுகை அலைக்குக் கொடுத்துப் பானாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் நீச்சல் தெரியாதவள். கரையில் மண்டியிட்டு மூங்கில் மூங்கிலாக எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே இரண்டு பக்கத்துத் திட்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்த வேகத்திலேயே காற்று போயிற்று. கால்பொய்ஷாகியின் குணம் அது. மழை மட்டும் சோம்பேறித்தனமாகத் தூறிக்கொண்டிருந்தது. கரை ஓரிடத்தில் பெரிதாகக் கடிபட்டு, மற்றபடி நின்றது. தண்ணீருக்குள் நின்றவர்கள் யாரும் உடனே வெளியே வரவில்லை. பானாவைப் பிடித்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள், இன்னும் நம்பாதவர்கள் மாதிரி.

பஸ் கிளம்பவில்லை. ஈரப் புடவைகளைப் பிழிந்துவிட்டு, மண் குவளையில் டீ குடித்தார்கள். அதற்குள் சாயங்காலம் வந்துவிட்டது. கால்வாயில் தண்ணீரும் வந்துவிட்டது. மதகு வழியே கறுப்பாக, நுரையோடு, எங்கள் ஊரின் வாசனை அத்தனையையும் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கிற்று. மன்னார்த் தலைவி குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய் மதகு மேல் ஏறி நின்றாள். கேள்விமேல் கேள்வி. எவ்வளவு விடுவீர்கள், எப்போது நிறுத்துவீர்கள், கூடிப்போனால் மீன் என்ன செய்யும், மழை பெய்த அன்றைக்கு விடலாமா. தீதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். பின்னால் நின்ற பங்களாதேஷ்காரர்களும் கம்போடியப் பெரியவரும் அவரவர் கேள்வியை நடுவில் நுழைத்தார்கள். என் தொண்டை கட்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சைகையில்தான் பேசினேன். அன்றைக்கு அவர் அனுபவித்த அமைதியைப் பற்றி இன்றும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து, முடிவை நியூ டவுன் ஹோட்டலில் சொன்னார்கள். கூட்டுறவுக் குளம். கம்போடியப் பெரியவர் சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். காரணத்தைச் சொல்ல எழுந்தவள் மன்னார்த் தலைவி.

"மற்றக் குளத்தில நாங்கள் என்ன சொன்னாலும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினவை. இவை ஏலாது எண்டு சொன்னவை. திருப்பிச் சண்டை பிடிச்சவை. பிறகு எங்கட தடி யோசனையையும் கேட்டவை. சண்டை பிடிக்கிற ஆக்களோடதான் சேர்ந்து வேலை செய்ய ஏலும்."

நான் இதை வங்காளத்தில் சொல்லி முடித்தபோது, எங்கள் அதிகாரி மேஜையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். தீதி சிரிக்கவில்லை. மகிழ்ச்சி அவளுக்கு அப்படி வெளியே வராது. எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு நிபந்தனை என்றாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"உங்க ஆளுங்க குளிர்காலத்துல வரணும். குளத்தை வத்தவெச்சு, சேத்தைக் கிளறி, காயப்போட்டு, மறுபடி தண்ணி விடுற நேரம். அதுதான் வேலை. மத்த நேரத்துல வந்தா மீன் சாப்பிட்டுட்டுப் போவீங்க, அவ்வளவுதான்."

"குளிர்காலத்தில எங்களுக்கு இறால் காலம்! அப்ப எப்பிடி வாறது எண்டு கேளுங்கோ அக்கா!"

"அப்போ பாதிப் பேரை அனுப்பச் சொல்லுங்க!"

"பாதி எண்டால் மிச்ச வேலையை ஆர் செய்யிறது? இவ வந்து செய்வாவோ?"

"வருவேன்னு சொல்லுங்க! எப்படியும் எங்க ஆளுங்க அங்கே வரணும்தானே, இறால் காலத்துலயே வர்றோம்!"

ஹோட்டல்காரர்கள் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிகிறபாடாக இல்லை. நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு, இந்த ஊரில் பிறந்ததற்காக இவ்வளவு பெருமையாக என்றைக்கும் இருந்ததில்லை. கடைசியில் தீதி சொன்னதுதான் நடந்தது: இங்கிருந்து சிலர் அங்கே இறால் காலத்துக்கு, அங்கிருந்து சிலர் இங்கே சேறு கிளற.

இந்தக் குளிர்காலத்திலும் வந்திருக்கிறார்கள். குளத்தோரம் அவர்களுக்கென்று ஒரு கொட்டகை கட்டியாயிற்று. ரோட்டுப்பக்கத்து மூலையில் இப்போது மண் கொட்டுவது நின்றிருக்கிறது. நிரந்தரமாக நின்றுவிட்டதா என்று கேட்டால் தீதி, "இன்னிக்கு நின்னிருக்கு" என்று மட்டும் சொல்வாள். போன ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு அங்கே போனேன். புதிதாக வந்திருக்கும் மன்னார்ப் பெண்களில் ஒருத்தி, முழங்கால் வரை சேறு ஒட்டிய காலோடு கரையில் உட்கார்ந்து, ஊரிலிருக்கும் அம்மாவிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். மதகு திறந்திருந்தது. அம்மா என்ன கேட்டாளோ தெரியாது. இவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, தன் வீட்டுப் பொருளைப் பற்றிச் சொல்லுகிறவள் மாதிரிச் சொன்னாள்:

"ஓமம்மா, கறுப்புத்தான். நல்ல கறுப்பு. நீங்கள் ஒருக்கா வந்து பாக்கோணும்."